மணலில் பிறக்கும் இரும்பு: ஜப்பானின் வார்ப்பிரும்புக் கெண்டிகள்

ஜப்பானிய இரும்புக் கெட்டில் என்ற பெயரில் இன்று கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படுபவை உண்மையில் இரண்டு வெவ்வேறு பாத்திரங்கள். ஒன்று அடுப்பில் ஏற்றி வெந்நீர் காய்ச்சுவதற்கானது; ஜப்பானியர் அதை டெட்சுபின் என்பார்கள், இரும்புக் குடுவை என்பது அதன் நேர்ப்பொருள். மற்றது, வேறு பாத்திரத்தில் காய்ச்சிய வெந்நீரை ஊற்றித் தேயிலையை ஊறவைப்பதற்கானது. கியூசு எனப்படும் தேநீர்க் குடுவையை இரும்பில் வார்த்து, உட்புறத்தில் எனாமல் பூசி, கம்பிவலை வடிகட்டி ஒன்றையும் சேர்த்து விற்கிறார்கள். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று வண்ணம் காட்டுபவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே. இதை நெருப்பில் வைத்தால் எனாமல் விரிசல் விட்டு உதிர்ந்துவிடும். முதல் வகையிலோ தண்ணீருக்கும் இரும்புக்கும் நடுவே எனாமலும் இல்லை, வேறு எந்தக் கண்ணாடிப் பூச்சும் இல்லை. மூக்கு வைத்த நீர்ப்பாத்திரத்துக்குக் கெண்டி என்ற நல்ல சொல் நம்மிடம் இருப்பதால், டெட்சுபினை இங்கே இரும்புக் கெண்டி என்றே குறிப்பிடுகிறேன்.

வெறும் இரும்பில் நாள்தோறும் தண்ணீர் காய்ச்சினால் துருப்பிடிக்காதா என்ற கேள்வி யாருக்கும் எழும். பிடிக்கத்தான் செய்யும். துரு ஏறாமல் எப்படிக் காப்பது, கனம் கூடாமல் எப்படி வார்ப்பது என்ற இரண்டு சிக்கல்களைச் சுற்றித்தான் இந்தக் கைத்தொழில் முழுவதும் வளர்ந்திருக்கிறது. விந்தை என்னவென்றால், இரும்புக் கெண்டி செய்பவரின் வேலைநாள்களில் பெரும்பகுதி இரும்போடு கழிவதில்லை. ஆற்று மணலோடும் களிமண்ணோடும்தான் கழிகிறது. உருக்கிய இரும்பு அவர் கையில் இருக்கும் நேரம் சில நொடிகள்தான்.

கெண்டிக்கு முன்னோடி சாகமா என்னும் தேநீர்க் கொப்பரை. தேயிலைத் தூளை வெந்நீரில் கடைந்து குடிக்கும் மாச்சா முறை ஜப்பானில் வேரூன்றிச் சடங்காக வளர்ந்தபோது, அந்தச் சடங்கின் நடுப்பொருளாக அமைந்தது மூக்கும் மேற்கைப்பிடியும் இல்லாத, வாய் குறுகிய இந்தப் பாத்திரம். தேநீர் விருந்து நடத்துவதையே ‘கொப்பரையை ஏற்றுதல்’ என்று ஜப்பானிய மொழியில் சொல்வதிலிருந்து அதன் இடம் விளங்கும். கியூஷுத் தீவின் வடகரையில் உள்ள ஆஷியா, கிழக்கே இன்றைய சானோ நகரில் உள்ள டென்மியோ, பிறகு தலைநகரான கியோத்தோ என்று மூன்று இடங்கள் இந்த வார்ப்புக்குப் பெயர்பெற்றிருந்தன. ஆஷியாக் கொப்பரைகள் வழுவழுப்பான மேனியும் மெல்லிய சுவரும் கொண்டவை. அவற்றின் மேல் பைன் மரமும் கடற்கரையும் நுணுக்கமாகப் புடைத்து நிற்கும். டென்மியோவினுடையவை கரடுமுரடானவை, அந்தக் கரடுமுரட்டையே பிற்காலத் தேநீர் ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆஷியாவின் பட்டறைகள் எடோக் காலத்தின் (1603–1868) தொடக்கத்தில் அணைந்துபோயின. இன்று ஜப்பானிய அரசு முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்துள்ள ஒன்பது கொப்பரைகளில் எட்டு ஆஷியாவில் வார்க்கப்பட்டவை. அறுந்துபோன அந்த நுட்பத்தை மீட்டெடுப்பதற்காகவே 1995இல் அவ்வூரில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார்கள்.

கொப்பரையிலிருந்து வெந்நீரை மூங்கில் அகப்பையால் முகந்து கிண்ணத்தில் ஊற்றுவார்கள். அப்படியிருக்க மூக்கும் கைப்பிடியும் ஏன் வந்தன என்றால், குடிக்கும் தேநீரே மாறியது என்பதுதான் விடை. 1738இல் கியோத்தோவை அடுத்த உஜிப் பகுதியைச் சேர்ந்த நாகதானி சோயென், தேயிலையை ஆவியில் வாட்டிக் கையால் உருட்டி உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். செஞ்சா எனப்படும் அந்த இலைத்தேநீருக்குக் கடைசல் தேவையில்லை, சடங்கும் தேவையில்லை; இலையின் மீது வெந்நீரை ஊற்றினால் போதும். பைசாவோ என்ற முதிய துறவி கியோத்தோவில் வருவோர் போவோருக்கெல்லாம் இலைத்தேநீர் விற்றுக்கொண்டிருந்ததும் இதே காலத்தில்தான். ஊற்றிக் குடிக்கும் தேநீருக்கு ஊற்றக்கூடிய பாத்திரம் வேண்டும். கொப்பரையைச் சிறிதாக்கி, மூக்கு வைத்து, மேலே வளைந்த கைப்பிடியைப் பூட்டியபோது கெண்டி பிறந்தது. பிரபுக்களின் தேநீர் அறையிலிருந்து இரும்பு வார்ப்பு சாதாரண வீட்டின் கணப்பருகே வந்து உட்கார்ந்த கதை இது.

கெண்டி என்றதும் இன்று ஜப்பானியர் நினைவுக்கு வருவது வடகிழக்கில் இவாத்தே மாகாணத்தின் மொரியோகா நகரம். எடோக் காலத்தில் அது நம்பு குலத்தாரின் கோட்டை நகரம். ‘நம்பு இரும்புப் பொருள்’ என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். தேநீர்க் கலையில் நாட்டம் கொண்டிருந்த அந்தச் சிற்றரசர்கள் வெளியூர் வார்ப்பாளர்களை வரவழைத்து ஆதரித்தார்கள். சுசுகி குடும்பம் 1625இல் வந்தது. கொய்சுமி நிசாயெமோன் 1659இல் கியோத்தோவிலிருந்து வரவழைக்கப்பட்டார். பின்னர் அரிசாகா, ஃபுஜிதா குடும்பங்களும் சேர, நான்கு குடும்பங்கள் குல ஆதரவில் கொப்பரைகளும் மணிகளும் வார்த்துக்கொண்டிருந்தன. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மூன்றாம் கொய்சுமி நிசாயெமோன் கொப்பரையைச் சுருக்கிக் கெண்டியாக்கினார் என்பது மொரியோகாவின் வரலாறு. பட்டறையின் பெயரே அதன் தலைவரின் பெயராகி வழிவழியாகத் தொடர்வது அங்குள்ள வழக்கம். 15ஆவது சுசுகி மொரிஹிசாவாகப் பெயர் ஏற்றவர் ஒரு பெண்.

மன்னர்களின் ரசனை மட்டும் ஒரு தொழிலை முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தாங்கிவிடாது. மொரியோகாவைச் சுற்றி வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. மலைகளில் இரும்பு மணலும் இரும்புக் கல்லும் இருந்தன. ஜப்பானில் மேலை முறையில் இயங்கிய முதல் ஊதுலை, ஓஷிமா தக்காதோவின் முயற்சியால், 1857இல் இதே நம்பு ஆட்சிப் பகுதியின் கமாய்ஷி அருகேதான் பற்றவைக்கப்பட்டது. கித்தகாமி ஆறு அச்சுக்கு வேண்டிய மணலையும் களிமண்ணையும் கொண்டுவந்து கொட்டியது. காடுகள் கரியைத் தந்தன. மேனிக்குப் பூசும் அரக்குப் பாலும், அதாவது ஒருவகை மரத்தில் வடியும் பாலும், தொலைவிலிருந்து வரவில்லை. மாகாணத்தின் வடக்கிலுள்ள ஜோபோஜி இன்றும் ஜப்பானின் உள்நாட்டு அரக்கில் பெரும்பகுதியைத் தரும் ஊர்.

அதே மாகாணத்தின் தெற்கே உள்ள மிஸுசாவாவின் வரலாறு இதைவிடப் பழையது. 12ஆம் நூற்றாண்டில் முடிந்த ஹெயான் காலத்தின் இறுதியில், வடகிழக்கை ஆண்ட ஃபுஜிவாரா கியோஹிரா கியோத்தோவை அடுத்த ஓமிப் பகுதியிலிருந்து வார்ப்பாளர்களை அழைத்துவந்ததிலிருந்து அங்கே உலை எரிகிறது. ஆனால் மிஸுசாவா நம்பு குலத்துக்கு உட்பட்டதே அல்ல. அது செந்தாயை ஆண்ட தாதே குலத்தின் நிலம். சமையல் சட்டி, விளக்கு என்று அன்றாடப் பொருள்களை வார்த்துவந்த அந்த ஊர், பிற்காலத்தில் மொரியோகாவோடு கைகோத்து, பழைய எதிர்த்தரப்பின் பெயரையே தன் சரக்குக்கும் சூட்டிக்கொண்டது. கோடையில் மிஸுசாவா ரயில் நிலையத்தின் நடைமேடையில் தொங்கும் நூற்றுக்கணக்கான வார்ப்பிரும்புக் காற்றுமணிகளின் ஒலியை, காக்கப்பட வேண்டிய 100 ஒலிக்காட்சிகளில் ஒன்றாக 1996இல் ஜப்பானியச் சுற்றுச்சூழல் துறை பட்டியலிட்டது.

இனிப் பட்டறைக்குள் போகலாம். முதல் வேலை வரைபடம். கெண்டியின் பக்கத் தோற்றத்தில் சரிபாதியை வரைந்து, அந்த வளைவைத் தகட்டில் வெட்டி எடுக்கிறார்கள். முன்பு மரப்பலகையில் வெட்டினார்கள். இப்போது எஃகுத் தகடு. சுட்ட மண்ணாலான தடித்த வளையம் ஒன்றின் நடுவே இந்தத் தகட்டை அச்சாணியில் நிறுத்தி, களிமண் குழம்பில் பிசைந்த மணலைச் சுற்றிலும் அப்பிக்கொண்டே தகட்டைச் சுழற்றினால், குயவர் சக்கரத்துக்கு நேர்மாறாக, பாத்திரத்தின் வெளிவடிவம் ஒரு குழியாக உருவாகிறது. முதலில் பரும்படி மணல், பிறகு நடுத்தர மணல், கடைசியில் பட்டுத் துணியில் சலித்ததுபோல் நைந்த மணல் என்று அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வோர் அடுக்கின் மீதும் தகட்டைச் சுழற்றி மழிக்கிறார்கள். உடலுக்கு ஒன்று, அடிப்பாகத்துக்கு ஒன்று என அச்சு இரு பகுதிகளாக அமையும். மூக்குக்கும், கைப்பிடி கோக்கும் காதுகளுக்கும் தனித்தனிச் சிறு அச்சுகள் செய்து உடலச்சின் சுவரைக் குடைந்து பதிக்கப்படும்.

மணல் ஈரமாக இருக்கும்போதே அலங்காரம் முடிந்தாக வேண்டும். நம்புக் கெண்டியின் அடையாளமாகிவிட்ட புள்ளிக் கோலத்துக்கு ‘அராரே’ என்று பெயர். ஆலங்கட்டி என்று பொருள். வேலைக்காரர் உடலச்சை மடிக்கு எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு, உட்சுவரில் வரிசைகளுக்கான கோடுகளை மெலிதாகக் கீறிக்கொள்கிறார். பின்பு நுனி உருண்ட உலோகக் குச்சியால் ஒவ்வொரு புள்ளியாக அழுத்தத் தொடங்குகிறார். அவர் போடுவது பள்ளம்; இரும்பில் அது மேடாக எழும். கெண்டியின் வயிற்றில் பெரிதாகத் தொடங்கும் புள்ளி, கழுத்தை நோக்கி ஏற ஏறச் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். ஏனெனில் வரிசைதோறும் புள்ளிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்க, சுற்றளவு மட்டும் குறைகிறது. ஆகவே ஒரே குச்சி போதாது. பருமன் படிப்படியாகக் குறையும் பல குச்சிகள் வரிசையாக அருகில் கிடக்கும். மணலில் ஈரம் கூடினால் பள்ளத்தின் விளிம்பு சரியும், குறைந்தால் பொரிந்து உதிரும். ஒரு கெண்டிக்கு 2,000 முதல் 3,000 புள்ளிகள் வரை விழுகின்றன. ஒன்று ஆழம் தப்பினாலும் இரும்பில் அது தனியே துருத்திக்கொண்டு நிற்கும்; வார்த்த பிறகு அரம் வைத்துச் சரிசெய்யலாம் என்றால், அங்கே மட்டும் தோல் உரிந்ததுபோல் மேனி வேறுபட்டுத் தெரியும். எழுத்தோ மரக்கிளையோ குதிரையோ, எந்தச் சித்திரமானாலும் இடவலம் மாற்றி, மேடு பள்ளம் மாற்றி மணலில் எழுதும் கண் வேண்டும். புள்ளியே இல்லாத வெற்றுமேனிக் கெண்டிகளிலும், துணிப்பொதியாலோ தூரிகையாலோ களிமண் குழம்பைத் தட்டித் தட்டி அச்சின் சுவருக்கு ஒரு சொரசொரப்பை ஏற்றிவைக்கிறார்கள். கையில் எடுக்கும்போது விரல்கள் உணரும் அந்த மேனி இரும்பின் இயல்பு அல்ல, மணலின் நகல்.

அச்சு உலர்ந்தபின் கரிநெருப்பில் சுடப்படுகிறது. அடுத்து உள்ளச்சு, வார்ப்பட ஆலைகளில் ‘கோர்’ என்று வழங்கும் உள்கரு. கெண்டியின் உட்புற வெற்றிடத்தின் வடிவில் மணலையும் களிமண்ணையும் கெட்டித்துச் செய்த இந்தக் கருவை உடலச்சுக்குள் இறக்கினால், இரண்டுக்கும் நடுவே எஞ்சும் இடைவெளிதான் நாளைய கெண்டியின் சுவர். நல்ல கைவேலையில் அந்த இடைவெளி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். கரு மயிரிழை சாய்ந்தாலும் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் ஓட்டையாகும். அதே கரு அளவுக்கு மீறிக் கெட்டியாகவும் இருக்கக் கூடாது. இரும்பு ஆறும்போது சுருங்கும், அந்தச் சுருக்கத்துக்குக் கரு நொறுங்கி இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் சுவர் வெடிக்கும். இரும்பு மணலில் ஒட்டாதிருக்க அச்சின் உட்புறத்தில் புகைக்கரி படியவைக்கப்படுகிறது.

தூய இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதில் 3, 4 விழுக்காடு கரிமம் கலந்துவிட்டால் உருகுநிலை 1,200 டிகிரியை ஒட்டி இறங்கிவிடுகிறது; மெல்லிய இடுக்குகளில் பாய்ந்து நிறையும் இளக்கமும் வருகிறது. வார்ப்பிரும்பைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம். இதற்குக் கொடுக்கும் விலை, கீழே விழுந்தால் உடையும் நொறுங்குதன்மை. உலையில் ஏறத்தாழ 1,400 டிகிரிக்கு மேல் சூடேறிய இரும்பைக் கரண்டியில் ஏந்தி, மேலே மிதக்கும் கசட்டை ஒதுக்கி, அச்சின் வாயில் ஊற்றுகிறார்கள். கெண்டி தலைகீழாகவே வார்க்கப்படுகிறது. ஊற்றுவாய் அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும், பழைய கெண்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தால் அந்த வட்டத் தழும்பு தெரியும். ஊற்றுகிற கை நடுவில் ஒரு கணம் தயங்கினால் முன் ஊற்றியதும் பின் ஊற்றியதும் கலக்காமல் சுவரில் கோடு விழுந்துவிடும். அச்சில் ஈரம் துளியளவு மிஞ்சியிருந்தாலும் அது நீராவியாகி இரும்பில் குமிழி விடும். வாரக்கணக்கில் செய்த மணல் வேலையின் முடிவு இந்தச் சில நொடிகளில் தெரிந்துவிடுகிறது.

அச்சை உடைத்தெடுத்து, பிசிறு நீக்கி, உள்ளிருக்கும் கருவைச் சுரண்டி வெளியேற்றிய பின்பு வருவது, மொரியோகாப் பட்டறைகள் தம் தனிச்சொத்தாகக் கருதும் கட்டம். ‘கனகேதோமே’ என்று அதற்குப் பெயர். இரும்பு வாடையை நிறுத்துதல் என்று சொல்லலாம். வார்த்த கெண்டியைக் கரிநெருப்பில் புதைத்து, 800 முதல் 1,000 டிகிரி வரை செக்கச்செவேலென்று கனலும்படி மீண்டும் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் இரும்பின் மேற்பரப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கறுத்த, இறுக்கமான காந்த ஆக்சைடு படலமாக மாறுகிறது. துருவும் இரும்பு ஆக்சைடுதான். ஆனால் செந்துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, கீழுள்ள புது இரும்பைத் தண்ணீருக்குத் திறந்துவிடுகிறது. இந்தக் கறுப்புப் படலமோ இரும்பைக் கவ்விக்கொண்டு கீழுள்ளதை மூடிக் காக்கிறது. சுருங்கச் சொன்னால், கெண்டிக்குள் பூசப்பட்ட காப்பு வெளியிலிருந்து வந்த பொருள் அல்ல; இரும்பே தன் தோலாக மாறியிருக்கிறது. எனாமலை இந்தத் தொழிலின் வளர்ச்சி என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுதான்: சிக்கலைத் தீர்க்கும் வழி ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது, அது நெருப்பைத் தாங்கும் வழியாகவும் இருந்தது.

வெளிமேனிக்கு வேறு மருந்து. கெண்டியைச் சூடாக்கி, ‘குகோ’ என்னும் புல்லால் கட்டிய தூரிகையால் அரக்குப் பாலைப் பூசுகிறார்கள். புகையோடு அது இரும்பில் சுட்டு இறுகுகிறது. அதன் மேல் தேயிலைக் கஷாயம் கலந்த ‘ஒஹகுரோ’ என்ற கரைசலைத் தட்டித் தட்டி ஏற்றுகிறார்கள். பழைய இரும்புத் துண்டுகளைப் புளித்த காடியில் ஊறப்போட்டு எடுக்கும் இந்த நீர், ஒரு காலத்தில் திருமணமான ஜப்பானியப் பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்ளப் பயன்பட்ட அதே சாயம். இரும்பும் தேயிலைத் துவர்ப்பும் சேர்ந்தால் கருமை. மை தயாரித்த எல்லாச் சமூகங்களுக்கும் தெரிந்திருந்த வேதியியல்தான்.

கைப்பிடி வார்ப்பு வேலை அல்ல, கொல்லர் வேலை. இதற்கென்றே தனிக் கைவினைஞர்கள் உண்டு. விலை குறைந்த கெண்டிகளுக்குத் திண்ணிய கம்பியை வளைத்துப் பூட்டிவிடுகிறார்கள். உயர்ந்தவற்றுக்கு இரும்புத் தகட்டைச் சுருட்டி, தட்டி, விளிம்புகளை இணைத்து உள்ளே வெற்றிடமுள்ள குழலாக்கி வளைக்கிறார்கள். குழலில் சூடு மெதுவாகவே ஏறுவதால் வெறுங்கையால் தூக்க முடியும். இந்தக் குழல் கைப்பிடி செய்யத் தெரிந்தவர்கள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள். கெண்டி வார்ப்பவரின் பெயர் பெட்டியில் எழுதப்படுகிறது, கைப்பிடி செய்தவரின் பெயரை வாங்குபவர் அறிவதில்லை.

மேலே சொன்னது சுட்ட அச்சு முறை. இதற்கு மாற்றாகப் பச்சை அச்சு முறை ஒன்று உண்டு. உலோகத்தில் செய்த மாதிரி ஒன்றைக் களிமண் கலந்த ஈரமணலில் இயந்திரத்தால் அழுத்தி எடுத்து, சுடாமல் அப்படியே இரும்பை வார்ப்பது. பெரும்பாலான வார்ப்பட ஆலைகள் கையாள்வது இதுதான். ஒரே நாளில் பல பாத்திரங்கள் வார்க்கலாம், ஒன்றுபோல் இன்னொன்று வரும், விலையும் வீட்டுக்கு அடங்கும். சுவர் தடிப்பதும் கோலத்தின் விளிம்பு மழுங்குவதும் இதன் குறைகள். இரண்டையும் அருகருகே வைத்துத் தூக்கிப் பார்ப்பவருக்கு விளக்கமே தேவைப்படாது. ஒரே தோற்றமுள்ள இரண்டு கெண்டிகளில் ஒன்று சில பத்தாயிரம் யென்னுக்கும் மற்றது பல லட்சம் யென்னுக்கும் விற்பதற்குக் காரணம் இரும்பில் இல்லை. இரண்டுமே ஏறக்குறைய ஒரே இரும்புதான். மணல்தான் வேறு.

கியோத்தோவும் ஓமிப் பகுதியும் வேறொரு வழியில் போயின. அங்கே ரியூபுந்தோ, கிபுந்தோ போன்ற பட்டறைகள் மெழுகில் உருவத்தைச் செதுக்கி, மணலால் பொதிந்து, மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் இரும்பை வார்த்தன. ஒரு மெழுகு உரு, ஒரே ஒரு கெண்டி. மலை, அருவி, மனிதர் என்று முழு நிலக்காட்சியும் கெண்டியின் மேனியில் எழுந்து நிற்கும். மூடி வெண்கலமாக இருக்கும், சிலவற்றில் வெள்ளியும் பொன்னும் இழைக்கப்பட்டிருக்கும். நம்புக் கெண்டிக்கு மூடியும் இரும்புதான். 2000க்குப் பிறகு சீனத்திலும் தைவானிலும் தேநீர் ஆர்வலர்கள் இந்தப் பழைய கியோத்தோக் கெண்டிகளைத் தேடித் தேடி வாங்கத் தொடங்கினார்கள். ஜப்பானிய வீடுகளின் பரணில் கிடந்தவை ஏலத்துக்கு வந்தன. கூடவே, மூடியின் உட்புறத்தில் புகழ்பெற்ற பட்டறைகளின் முத்திரையைப் பொறித்த போலிகளும் குவிந்தன. முத்திரையைப் போலி செய்வது எளிது. மெழுகில் கிடைத்த கூர்மையை, அசலிலிருந்து எடுத்த நகல் அச்சில் கொண்டுவருவது எளிதல்ல.

மொரியோகாவின் கெண்டி நாடெங்கும் பேசப்பட்டது 1908இல். பின்னாளில் தாய்ஷோப் பேரரசரான பட்டத்து இளவரசர் அவ்வாண்டு வடகிழக்கில் சுற்றுப்பயணம் செய்தபோது, எட்டாம் கொய்சுமி நிசாயெமோன் அவர் முன்னிலையில் கெண்டி செய்து காட்டினார். நாளிதழ்கள் அதை எடுத்துச்சென்றன. பொற்காலம் நீளவில்லை. 1938 முதல் போருக்காக இரும்புப் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டது. 1941இல் உலோகங்களைத் திரட்டும் ஆணை வந்தபோது கோயில் மணிகளோடு வீட்டுக் கெண்டிகளும் உருக்காலைக்குப் போயின. மிகச் சில வார்ப்பாளர்களே தொழிலைத் தொடர அனுமதிக்கப்பட்டார்கள். போர் முடிந்தபின் அலுமினியக் கெட்டில் வந்தது, எரிவாயு அடுப்பு வந்தது. கெண்டியைத் தாங்கி நின்ற கரிக் கணப்பே வீட்டைவிட்டு வெளியேறியது. 1975இல் ஜப்பானிய அரசு மரபுக் கைவினைப் பொருள்களை முறையாக அறிவிக்கத் தொடங்கியபோது முதல் தொகுதியிலேயே நம்பு இரும்புப் பொருள் இடம்பெற்றது. மரபுக் கைவினைஞர் என்ற பட்டத்துக்கான தேர்வை எழுதவே 12 ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் விதி. தொழிலுக்கு மூச்சு கொடுத்ததில் அரசாணைக்கு நிகராக ஏற்றுமதிக்கும் பங்குண்டு: 1902இல் மொரியோகாவில் தொடங்கப்பட்ட இவாச்சு நிறுவனத்திடம் பாரிஸ் தேயிலை வணிகர்கள் வண்ணத் தேநீர்க் குடுவைகள் கேட்டார்கள், கறுப்பைத் தவிர வேறு நிறம் அறியாத பட்டறை பல சோதனைகளுக்குப் பிறகு அவற்றைச் செய்துகொடுத்தது. தொடக்கத்தில் சொன்ன குழப்பத்தின் ஊற்றும் அதுதான். எனாமல் குடுவையை நான் குறைத்துச் சொன்னாலும், அதில் வந்த வருமானம்தான் பல உலைகளை எரியவைத்தது என்பதை மறுக்க முடியாது.

வாங்கியவர் செய்ய வேண்டியது குறைவு. செய்யக் கூடாததுதான் அதிகம். காலியான கெண்டியை அடுப்பில் மறந்துவிடக் கூடாது, சூடான கெண்டியில் குளிர்ந்த நீரைக் கொட்டக் கூடாது, தண்ணீரைத் தேக்கிவைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் வெந்நீரை முழுவதும் ஊற்றிவிட்டு மூடியைத் திறந்துவைத்தால், இரும்பில் மிஞ்சிய சூடே உள்ளீரத்தை உலர்த்திவிடும். உட்புறத்தைத் தேய்க்கவே கூடாது. சில வாரங்களில் அடிப்புறத்தில் செம்புள்ளிகள் தோன்றும். பதறிப்போய்த் தேய்க்கும் நாரை எடுப்பவர்கள் அந்தக் கறுப்புத் தோலைத்தான் சுரண்டி எடுக்கிறார்கள். நாளடைவில் தண்ணீரிலுள்ள கால்சியம் வெண்படலமாகப் படிந்து புள்ளிகளை மூடும். ‘யுஅகா’ எனப்படும் இந்த வெந்நீர்க் கசடு, ஜப்பானியக் குடும்பங்களில் பொறுமையின் அடையாளமாக மதிக்கப்படுகிறது. ஜப்பானின் தண்ணீர் மென்மையானது என்பதால் அங்கே இது மெதுவாகவே படியும். காய்ச்சிய நீரே செந்நிறமாக வந்தால் மட்டும், தேயிலையைத் துணியில் கட்டிப் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். துவர்ப்பும் துருவும் சேர்ந்து நீர் மைபோல் கறுக்கும், உட்புறத்தில் கரும்படலம் படியும். ஒஹகுரோவின் அதே வித்தை. கெண்டிக்குள் தேயிலையைப் போட்டுத் தேநீர் தயாரிக்கக் கூடாது என்பதும் இதனால்தான். வெந்நீர் மட்டும் அதில், தேயிலை பீங்கானில்.

இரும்புக் கெண்டியின் நீர் நோயெல்லாம் தீர்க்கும் என்ற விளம்பரங்களை நம்ப வேண்டியதில்லை. எனாமல் இல்லாத கெண்டியிலிருந்து சிறிதளவு இரும்பு நீரில் கரைகிறது, அது உண்மை. குளோரின் வாடையை நீக்குகிறது என்பதில் கெண்டிக்குப் பெரிய பங்கு இல்லை. மூடியைத் திறந்து கொதிக்கவிட்டால் எந்தப் பாத்திரத்திலும் அது போகும். தேநீர் அறையில் கேட்கும் ஒலி வேறு விஷயம். கொப்பரையின் உள்ளடியில் சிறு இரும்புத் துண்டுகளை அரக்கால் ஒட்டிவைப்பார்கள். அவற்றின் அடியில் சிக்கிய நீராவி விட்டுவிட்டு வெளியேறும்போது மெல்லிய இரைச்சல் எழும். பைன் மரங்களினூடே வீசும் காற்று என்று ஜப்பானியர் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சில கெண்டிகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. அது நலத்துக்காகச் செய்தது அல்ல, கேட்பதற்காகச் செய்தது.

துருவேறி நீர் சிவக்கும் பழைய கெண்டிகளைப் பழுதுபார்த்துத் தரும் பட்டறைகள் மொரியோகாவில் உள்ளன. துருவைச் சுரண்டி, கைப்பிடியைக் கழற்றி, கெண்டியை மறுபடி கரிநெருப்பில் புதைத்துச் சுட்டு, புதிய கறுப்புத் தோல் ஏற்றி, அரக்கும் ஒஹகுரோவும் பூசித் திருப்பியனுப்புகிறார்கள். கூடவே, ஒரு குடும்பம் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்த வெண்கசடும் போய்விடுகிறது; முதல் நாள் வெந்நீரிலிருந்து அதை மீண்டும் தொடங்க வேண்டும்.